நெல் அறுத்த வயலில் கோதுமை: எந்த உழவு, எந்த நாளில், எப்படி

பஞ்சாபிலும் அரியானாவிலும் நெல்லை அறுத்த விவசாயிக்குக் கோதுமை விதைக்கக் கிடைப்பது ஏறக்குறைய 15 முதல் 20 நாள். நிலத்தடி நீரைக் காக்க பஞ்சாப் 2009-ல் கொண்டுவந்த சட்டம் ஜூன் 10-க்கு முன் நெல் நடவு கூடாது என்றது. நடவு தள்ளிப்போனால் அறுவடையும் தள்ளிப்போகும். கோதுமையின் பட்டமோ நகராது. ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொல்கிறோமே, அதுபோல இந்தப் பயிருக்கு அக்டோபர் கடைசி வாரம் முதல் நவம்பர் நடுப்பகுதி வரைதான் பட்டம். அது கடந்தபின் தாமதமாகும் ஒவ்வொரு நாளும் விளைச்சலில் ஏறக்குறைய 1 சதவீதம் போய்விடும். ஹெக்டேருக்கு 5 டன் தரும் நிலத்தில் இது நாளுக்கு 50 கிலோ, அதாவது ஏக்கருக்கு 20 கிலோ. பத்து நாள் உழுதுகொண்டிருந்தால் ஏக்கருக்கு 2 குவிண்டால் கைவிட்டுப் போகும்.

காரணம் மார்ச் மாத வெயில். பிந்தி விதைத்த கோதுமை பால் பிடிக்கும் நேரத்தில் வெப்பம் ஏறிவிடும். மணி நிறைவதற்கு முன்பே பயிர் காய்ந்து முதிர்ந்துவிடும். 2022 மார்ச் வெப்ப அலையில் வடமேற்கு இந்தியா முழுவதும் மணிகள் சுருங்கியது இப்படித்தான். ஆகவே உழவு முறைகளை ஒப்பிடும்போது எத்தனை அங்குலம் ஆழம் என்று கேட்பதற்கு முன், எத்தனை நாள் பிடிக்கும் என்று கேளுங்கள்.

ஒரு தெளிவு. இங்கிலாந்திலும் அமெரிக்கச் சமவெளியிலும் குளிர்காலக் கோதுமை என்பது கடும் குளிரைச் சில வாரம் அனுபவித்தால்தான் பூக்கும் இனம். இந்தியாவில் குளிர்காலத்தில் விதைப்பது அந்தக் குளிர் தேவைப்படாத வசந்தகால இனம். கீழே உள்ள அளவுகள் எல்லாம் வடமேற்கு இந்தியாவின் பாசன நிலத்துக்கு உரியவை.

சேற்றுழவு விட்டுச்செல்லும் மண்

நெல்லுக்குச் சேறடித்த மண் தன் கட்டமைப்பை இழந்திருக்கும். மேலே 15 செ.மீ. வரை மாவுபோல் படிந்த மண், அதற்குக் கீழே ஆண்டுதோறும் டிராக்டர் சக்கரமும் கலப்பையும் அழுத்திய இறுகிய அடுக்கு. தண்ணீர் கீழே போகாமல் நிற்பது நெல்லுக்கு நல்லது. கோதுமையின் வேருக்கு அதுவே தடை.

இந்த மண் காயும்போது பாளம் பாளமாக வெடிக்கும். உழுதால் பெரிய கட்டிகள் எழும். அவற்றை உடைக்க வட்டுக் கலப்பை இரண்டு முறை, கொத்துக் கலப்பை இரண்டு முறை, பரம்பு இரண்டு முறை என்று 6 முதல் 8 ஓட்டம் ஓட்டுவது பழைய வழக்கம். அதற்கு முன் ஒரு தண்ணீர் கட்டி, பதம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் கட்டிகளுக்கு நடுவே விழுந்த விதையைச் சுற்றிக் காற்றிடம் இருக்கும். மண் ஒட்டாத விதை முளைக்காது. ரோட்டாவேட்டர் எனும் சுழல் கலப்பையை ஓட்டிப் பொடியாக்கினால் கட்டிப் பிரச்சினை தீரும், வேறொன்று வரும்: முதல் தண்ணீரிலோ மழையிலோ பொடி மண் மேலே ஓடாகப் படியும், சுமார் 10 செ.மீ. ஆழத்தில் புதிய இறுக்கம் உருவாகும்.

உழாமல் விதைத்தால் ஒரு சால் அளவு மண்தான் கிளறப்படுகிறது. நெல்லின் பழைய வேர்த் துளைகள் அப்படியே இருப்பதால் புது வேர் அவற்றின் வழியே இறங்கும். நெல்லுக்குக் கடைசியாகக் கட்டிய தண்ணீரின் ஈரமே முளைக்கப் போதும். தமிழ்நாட்டு டெல்டாவில் சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே நிற்கும் நெல்லுக்குள் உளுந்தையும் பயறையும் தூவுகிறார்களே, நெல் தரிசுப் பயறு, அதே கணக்குதான் இது. இருக்கும் ஈரத்தை உழுது ஆவியாக்காமல் விதைக்குக் கொடுப்பது.

எண்கள் சொல்வது

நெல்லுக்குப் பின் உழாமல் விதைத்த கோதுமை பற்றிய இந்திய ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் 5 முதல் 7 சதவீதம் கூடுதல் விளைச்சலைக் கண்டார்கள். அதில் பெரும்பங்கு சீக்கிரம் விதைத்ததால் வந்தது. அடுத்த பங்கு களை குறைந்ததால் வந்தது. சாகுபடிச் செலவும் இறங்குகிறது. ஏக்கருக்கு 15 முதல் 25 லிட்டர் டீசல் மிச்சமாகும்.

உலகக் கணக்கு வேறு மாதிரி. 63 நாடுகளின் 610 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2015-ல் நேச்சர் இதழில் வெளிவந்த கட்டுரை, உழாத சாகுபடியில் எல்லாப் பயிர்களையும் சேர்த்துச் சராசரியாக 5.7 சதவீதம் விளைச்சல் குறைகிறது என்றது. அதே ஆய்வாளர்களின் மற்றொரு தொகுப்பில் கோதுமையில் குறைவு 2.6 சதவீதம். ஆனால் நேச்சர் கட்டுரையிலேயே, வறண்ட மானாவாரி நிலத்தில் அறுத்த பயிரின் தாளை (வைக்கோலையும் அடித்தாளையும்) விட்டுவைத்து, பயிரை மாற்றியும் விதைத்த இடங்களில் 7.3 சதவீதம் கூடுகிறது. இரண்டு எண்ணும் உண்மை. உழாமை தனியாக ஒரு மருந்து அல்ல. தாள், பயிர்ச் சுழற்சி, பட்டம் ஆகியவற்றோடு சேர்ந்தால்தான் அது பலிக்கும். ஈரமான, குளிர்ந்த, வடியாத மண்ணில் உழுத நிலமே முந்தும்.

சிக்கல் தாளில்தான். இங்கிலாந்தில் 1970-களில் நேரடி விதைப்பு பரவியபோது வைக்கோலை எரிப்பது வழக்கமாக இருந்தது. எரிப்புக்குக் கட்டுப்பாடுகள் இறுகி, 1993-ல் தடையே வந்தது. தாளின் மேல் ஒழுங்காக விதைக்கும் கருவி கையில் இல்லாததாலும், புல் களை பெருகியதாலும், பலர் கலப்பைக்கே திரும்பினார்கள். பஞ்சாபும் அதே சுவரில் முட்டியது. ஹெக்டேருக்கு 6 முதல் 9 டன் வைக்கோல். ஒரு டன் வைக்கோலில் சுமார் 5.5 கிலோ தழைச்சத்தும் 25 கிலோ சாம்பல்சத்தும் இருக்கிறது; எரித்தால் தழைச்சத்து ஏறக்குறைய முழுவதும் புகையோடு போகும், தில்லி வரை மூச்சுத் திணறும். இந்த நெருப்பு நிற்க வேண்டும் என்பதில் எங்களுக்குச் சற்றும் ஐயமில்லை. அதற்கு வழியும் இருக்கிறது.

கருவியைத் தேர்ந்தெடுத்தல்

வைக்கோலைக் கட்டி வெளியே எடுத்துவிட்ட வயலா, அடித்தாள் மட்டும் நிற்கிறதா? சாதாரண உழவில்லா விதைப்புக் கருவி போதும். பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகம் 1991-ல் இதன் இந்திய வடிவத்தை உருவாக்கியது. தலைகீழான ஆங்கில டி எழுத்து வடிவக் கொழு, மேலே குறுகலாகவும் அடியில் அகலமாகவும் மண்ணைத் திறக்கும். அதனால் சாலின் ஈரம் மேலே தப்பாது. 9 அல்லது 11 கொழு, வரிசைக்கு வரிசை 20 செ.மீ., 35 முதல் 45 குதிரைத்திறன் டிராக்டர். உதிரி வைக்கோல் கிடந்தால் இந்தக் கருவி சருகுவாரிபோல் அதை இழுத்துக்கொண்டே போகும். அங்கே இதை இறக்காதீர்கள்.

முழு வைக்கோலும் வயலில் இருந்தால் ஹேப்பி சீடர். லூதியானா பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகமும் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களும் சேர்ந்து உருவாக்கியது. ஒவ்வொரு கொழுவுக்கும் முன்னால் சுழலும் தகடுகள் வைக்கோலை வெட்டி ஒதுக்க, கொழு விதையை இறக்க, வைக்கோல் வரிசைகளுக்கு இடையே போர்வையாகக் கிடக்கும். 45 குதிரைத்திறனுக்கு மேல், இரட்டைக் கிளட்ச் உள்ள டிராக்டர் வேண்டும். நாளொன்றுக்கு 6 முதல் 8 ஏக்கர் முடியும்.

சூப்பர் சீடர் வைக்கோலை மண்ணோடு கலந்து உழுதுகொண்டே விதைக்கிறது. வயல் சுத்தமாகத் தெரிவதால் பலருக்கு இது பிடிக்கிறது. ஆனால் 55 குதிரைத்திறனுக்கு மேல் தேவை, டீசலும் கூடும். மண் பொலபொலவென்று எழுவதால் விதை எண்ணியதைவிட ஆழத்தில் விழும். புதைந்த வைக்கோல் மக்கும்போது தழைச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் முதல் தண்ணீருக்குப் பின் பயிர் மஞ்சளாகும். கனத்த களிமண்ணில் ஹேப்பி சீடரையே நாங்கள் முன்வைப்போம்.

நெல் நிற்கும்போதே தொடங்குங்கள்

நெல்லுக்குக் கடைசித் தண்ணீரை அறுவடைக்கு இரண்டு வாரம் முன்பு நிறுத்துங்கள். அதற்கு மேல் கட்டினால் கம்பைன் அறுவடை இயந்திரத்தின் சக்கரம் வயலில் பள்ளம் போடும். அந்தத் தடத்தில் கோதுமை வரிசையே இருக்காது. மிகச் சீக்கிரம் நிறுத்தினால் விதைக்க ஈரம் இருக்காது.

கம்பைனின் பின்னால் வைக்கோலை நறுக்கிச் சீராகப் பரப்பும் அமைப்பு இருக்கிறதா என்று பார்த்து வாடகை பேசுங்கள். இது இல்லாத கம்பைன் வைக்கோலை ஒரே பட்டையாகக் குவித்துக் கொட்டும். அந்தப் பட்டையில் கருவி அடைபடும், விதை மேலேயே விழும், முளை வெளுத்துச் சாகும். வேறு வழியில்லாவிட்டால் ஆள் வைத்துப் பரப்பிய பிறகே விதைப்பு.

மேடு பள்ளம் உள்ள வயலில் எந்த உழாமையும் தோற்கும். லேசர் சமன் செய்வதை நெல்லுக்கு முன் கோடையில் முடித்துவிடுங்கள். அடி இறுக்கம் கடுமையாக இருந்தால், அதாவது கம்பி குத்தினால் 15-20 செ.மீ.-ல் நின்றுவிடுகிறது என்றால், அதே கோடையில் மண் காய்ந்திருக்கும்போது உளிக்கலப்பையால் 40-45 செ.மீ. ஆழத்துக்குக் கீறிவிடுங்கள். ஈர மண்ணில் உளிக்கலப்பை ஓட்டினால் இறுக்கம் உடையாது, வழவழப்பான பிளவு மட்டும் விழும்.

பதம் பார்த்தல்

5 முதல் 7 செ.மீ. ஆழத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உருண்டையாகப் பிடியுங்கள். இடுப்பு உயரத்திலிருந்து கீழே விடுங்கள். உதிர்ந்து சிதறினால் பதம் சரி. சப்பையாக ஒட்டினால் இரண்டு மூன்று நாள் பொறுங்கள். இப்போது கொழு இறங்கினால் சாலின் சுவர் மெழுகியதுபோல் பளபளக்கும், மூடாது, வேர் அந்தச் சுவரைத் துளைக்க முடியாமல் சாலுக்குள்ளேயே நீளும். உருண்டையே பிடிபடாவிட்டால் லேசாக ஒரு தண்ணீர் கட்டிப் பதம் வந்தபின் விதையுங்கள்.

விதை அளவைச் சரிசெய்தல்

இதைச் செய்யாமல் வயலில் இறங்குவதுதான் மிகப் பெரிய தவறு. போன வயலில் வேறு ரகம், வேறு மணிப் பருமன். கருவி அதே துளையில் வேறு எடையைக் கொட்டும்.

கருவியின் அகலத்தைக் கணக்கிடுங்கள்: 11 கொழு, 20 செ.மீ. இடைவெளி என்றால் 2.2 மீட்டர். ஒரு ஹெக்டேரில் நூறில் ஒரு பங்கு 100 சதுர மீட்டர்; அதை விதைக்க 100-ஐ 2.2-ஆல் வகுத்தால் 45.5 மீட்டர் ஓட வேண்டும். தரைச் சக்கரத்தின் சுற்றளவை நூல் கட்டி அளந்துகொள்ளுங்கள், 1.2 மீட்டர் என்றால் 38 சுற்று. சக்கரம் தரையைத் தொடாதபடி கருவியைத் தூக்கி, குழாய்களின் கீழே பைகளைக் கட்டி, சக்கரத்தைக் கையால் 38 சுற்றுச் சுற்றுங்கள். ஹெக்டேருக்கு 100 கிலோ வேண்டுமானால் மொத்தம் 1 கிலோ விழ வேண்டும். ஒவ்வொரு பையையும் தனித்தனியே நிறுங்கள்: சராசரி 91 கிராம். ஒன்று மட்டும் 60 கிராம் என்றால் அந்தக் குழாய் அடைத்திருக்கிறது. தாளின் மேல் சக்கரம் வழுக்குவதால் வயலில் விழுவது 5 முதல் 10 சதவீதம் குறையும். அதற்கேற்ப விதை அளவுக் கைப்பிடியை ஒரு பல் கூட்டி வையுங்கள்.

உழுத நிலத்துக்கு ஏக்கருக்கு 40 கிலோ விதை. ஹேப்பி சீடரில் 45 கிலோ. தாளுக்குள் சில முளைகள் சிக்கி இழப்பதற்கு ஈடு இது. ஆயிரம் மணி 40 கிராம் எடையுள்ள ரகத்தில் ஹெக்டேருக்கு 100 கிலோ என்றால் சதுர மீட்டருக்கு 250 மணி. 20 செ.மீ. வரிசையில் ஒரு மீட்டர் நீளத்துக்கு 50 மணி விழும். விதைத்த 15-ம் நாள் ஒரு மீட்டர் கோலை வைத்து எண்ணுங்கள்: 40 நாற்று இருந்தால் நல்லது. 25-க்குக் கீழே போனால் அந்த இடத்தைத் தோண்டிக் காரணம் தேடுங்கள்.

ஆழம்

4 முதல் 5 செ.மீ. அதற்கு மேல் போகாதீர்கள். இன்றைய குட்டை ரகங்களின் குட்டைத்தன்மை மரபணு, முளையை மண்ணுக்கு மேல் தூக்கிவரும் குருத்துறையையும் குட்டையாக்கிவிட்டது. 7 செ.மீ.-ல் புதைந்த விதை முளைக்கும், ஆனால் குருத்துறை மேற்பரப்பைத் தொடாமலே நின்றுவிடும்; உள்ளிருக்கும் இலை மண்ணுக்குள்ளேயே மடங்கிப்போகும். அக்டோபரிலேயே விதைத்தால் மண் சூடாக இருப்பதால் குருத்துறை இன்னும் குறுகும், அப்போது ஆழத்தில் கூடுதல் கவனம் வேண்டும். மறுபக்கம், 2 செ.மீ.-ல் விழுந்தால் ஈரம் எட்டாது.

முதல் 20 மீட்டர் ஓட்டியதும் டிராக்டரை நிறுத்தி ஐந்து வரிசையில் கையால் கிளறிப் பாருங்கள். ஆழச் சக்கரத்தைத் திருத்துங்கள். மீண்டும் 20 மீட்டர். இந்தப் பத்து நிமிடத்துக்குச் சோம்பினால் ஐந்து மாதம் வெற்றிடத்தைப் பார்க்க வேண்டிவரும்.

ஹேப்பி சீடரைக் காலைப் பனியில் ஓட்டாதீர்கள். ஈர வைக்கோல் தகட்டில் சுற்றிக்கொள்ளும். பனி காய்ந்தபின் தொடங்கி, மணிக்கு 2.5 முதல் 3 கி.மீ. வேகத்தில், சுழற்சியை இறக்காமல் ஓட்டுங்கள். வரப்போரம் திரும்பும்போது கருவியை முழுதாகத் தூக்கிய பிறகே திருப்புங்கள். இல்லையேல் கொழுமுனை மண் அடைத்து, அடுத்த வரிசை முழுக்க விதை விழாது. உட்கார்ந்திருப்பவருக்கு இது தெரியாது. பின்னால் ஒருவர் நடந்துவர வேண்டும்.

உரம்

அடியுரமாக ஏக்கருக்கு 55 கிலோ டி.ஏ.பி.யை (மணிச்சத்து மிகுந்த உரம்) கருவியின் உரப்பெட்டி வழியே விதையோடு இறக்குங்கள். மணிச்சத்து மண்ணில் நகராது. தாளின் மேல் தூவினால் அங்கேயே கிடக்கும். யூரியா 90 கிலோவை இரண்டாகப் பிரித்து, முதல் தண்ணீருக்கும் இரண்டாம் தண்ணீருக்கும் தலா 45 கிலோ. உழுத வயலில் தண்ணீருக்குப் பின்பும் யூரியா போடலாம். தாள் போர்வை உள்ள வயலில் தண்ணீருக்குச் சற்று முன்புதான் போட வேண்டும். ஈரத் தாளின் மேல் விழுந்த யூரியா அமோனியாவாகப் பறந்துவிடும். முன்பே போட்டால் தண்ணீர் அதைக் கரைத்து மண்ணுக்குள் கொண்டுபோகும். மண் பரிசோதனை அட்டை வேறு அளவைச் சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

முதல் தண்ணீர்

உழாத வயலில் பயிர் கெடுவது பெரும்பாலும் இந்த இடத்தில். விதைத்த 21-ம் நாளை ஒட்டித் தண்டின் அடிக்கணுவிலிருந்து நிலையான வேர்கள் புறப்படும். உழுத நிலத்தில் அந்த நாளைத் தவறவிட்டால் தூர் குறையும். தாள் மூடிய வயலில் ஈரம் இன்னும் இருக்கும் என்பதால் 25 முதல் 30 நாள் வரை தள்ளலாம். நாட்காட்டியைப் பார்த்து 21-ம் நாள் மடை திறந்தால், கனத்த மண்ணில் வேருக்குக் காற்றில்லாமல் இரண்டு நாளில் பயிர் மஞ்சளாகும். பலர் அதைச் சத்துக்குறை என்று நினைத்து மேலும் யூரியா போடுகிறார்கள்.

தாளை விலக்கி மண்ணைப் பிடித்துப் பாருங்கள், உருண்டை இன்னும் பிடிபட்டால் பொறுங்கள். கட்டும்போது 5 செ.மீ. உயரத்துக்கு மேல் வேண்டாம். நீண்ட வயலைக் குறுக்கு வரப்பு போட்டுச் சிறு பாத்திகளாக்கினால் லேசாகக் கட்ட முடியும்; தாள் நீரோட்டத்தைத் தடுப்பதால் நீண்ட பாத்தியின் தலைமாட்டில் தேங்கிவிடும்.

களையும் பூச்சியும்

கோதுமையைப் போலவே முகம் காட்டி ஏமாற்றும் புல், அரியானாவில் மண்டூசி, பஞ்சாபில் குல்லி டண்டா. 1990-களின் தொடக்கத்தில் ஐசோபுரோட்டுரான் களைக்கொல்லி இதற்குக் கேட்காமல் போனதே விவசாயிகளை உழாத விதைப்புக்குத் தள்ளிய முதல் காரணங்களுள் ஒன்று. உழும்போது இந்தப் புல்லின் விதைகள் மேலே வந்து முளைக்கின்றன. உழாவிட்டால் அதில் மூன்றில் ஒரு பங்கோ பாதியோ முளைக்காமல் கிடக்கும். மாறாக, காட்டுப் பாலக் போன்ற அகன்ற இலைக் களை உழாத வயலில் பெருகும், அதற்குத் தனி மருந்து தேவை. ஒரே குழு மருந்தை ஆண்டுதோறும் அடிக்காதீர்கள். விதைத்தவுடன் அடிக்கும் மருந்துகள் தாளிலேயே தங்கிவிடும் என்பதால், முதல் தண்ணீருக்குப் பின் களை இரண்டு மூன்று இலை விட்டபோது அடிப்பதே பலன் தரும். விதைக்கும் முன்பே வயலில் பச்சைக் களை இருந்தால் அதை அழித்த பிறகே விதையுங்கள்.

தாளுக்குள் எலி வளை போடும்; டிசம்பரிலேயே வளைகளை எண்ணி மூடுங்கள். அக்டோபரில் சீக்கிரம் விதைத்த தாள் வயலில் நெல்லிலிருந்து இளஞ்சிவப்புத் தண்டுத் துளைப்பான் கோதுமைக்குத் தாவும். நடுக்குருத்து காய்ந்து, இழுத்தால் கையோடு வந்தால் அதுதான். அடிக்கடி வரும் வயலில் விதைப்பை நவம்பர் முதல் வாரத்துக்குத் தள்ளுங்கள்.

உங்கள் வயலில் ஒப்பிட்டுப் பார்க்க

ஒரு வயலை ஆறு பட்டையாகப் பிரியுங்கள். மூன்றில் உழுது விதையுங்கள், மூன்றில் உழாமல், ஒன்றுவிட்டு ஒன்றாக. ரகம், உரம் ஒன்றே இருக்கட்டும். விதைப்பு நாளை மட்டும் செயற்கையாக ஒன்றாக்காதீர்கள். உழவு எப்போது முடிகிறதோ அப்போது விதையுங்கள், அந்த வித்தியாசமும் உழவின் விலைதான்.

முதிர்ந்தபின் ஒவ்வொரு பட்டையிலும் ஐந்து இடத்தில், வரப்போரம் தவிர்த்து, ஐந்து வரிசை ஒரு மீட்டர் நீளம் அறுங்கள். அது ஒரு சதுர மீட்டர். அடித்துத் தூற்றி நிறுத்து, ஈரத்தைக் கணக்கில் எடுங்கள்: 14 சதவீத ஈரத்தில் 520 கிராம் என்றால், 520-ஐ 86-ஆல் பெருக்கி 88-ஆல் வகுக்க, 12 சதவீத ஈரத்தில் 508 கிராம். ஹெக்டேருக்கு 5,080 கிலோ, ஏக்கருக்கு 20 குவிண்டாலுக்குச் சற்று மேல். இதன் பக்கத்தில் டீசல், டிராக்டர் வாடகை, தண்ணீர் கட்டிய முறை ஆகியவற்றை எழுதுங்கள். முதல் ஆண்டில் விளைச்சல் சமமாக வந்து செலவு மட்டும் குறைந்தால் ஏமாற்றமடையாதீர்கள். மண்ணின் மாற்றம் தெரிய மூன்று ஆண்டாவது பிடிக்கும், அதுவும் அடுத்த நெல்லுக்கு மறுபடி சேறடித்தால் பாதி அழிந்துவிடும். நெல்லைச் சேறடிக்காமல் நேரடியாக விதைக்க முடிகிற வயலில் அதே ஆறு பட்டைகளை மாற்றாமல் தொடருங்கள்.